கழுதைப் பால் தேடிச் சைப்பிரஸ் போனோம்

"கழுதையைப் பாக்கவோ பிளேன் ஏறிப் போறியள்?" என்று என் கணவர் கேட்டார். "கேற்றைத் திறந்து பார். தாயும் குட்டியும் நிக்குது."

நின்றதும் உண்மைதான். மன்னார்த் தீவில் கழுதைக்காக யாரும் எங்கும் போகத் தேவையில்லை. அவை யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருடைய வாசலிலும் நிற்கும். பஸ் நிலையத்தில் நிழலுக்கு ஒதுங்கும், நடுவீதியில் நின்றபடியே தூங்கும், ஹோர்ன் அடித்தால் காதை மட்டும் அசைக்கும். பேசாலையில் எங்கள் பட்டறை வாசலில் வைக்கும் காட்போட் பெட்டிகளை அவை தின்பதால், பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் நான் கதவைப் பூட்டுவேன்.

பட்டறை என்று பெரிதாகச் சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. அங்கே தேங்காய் எண்ணெயில் குளிக்கும் சவர்க்காரம் செய்கிறோம். காய்ச்சிக் கலக்குவதும் அச்சில் ஊற்றுவதும் நான். வெட்டிப் பொதிசெய்து விற்பது ராத்தா. அவர் உப்புக்குளத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முஸ்லிம்களான அவர்களின் வழக்கில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னால் நல்ல சவர்க்காரம் செய்ய முடியும், ஆனால் ஒருவரிடம் போய் "வாங்குங்கோ" என்று சொல்ல வாய் வராது. ராத்தாவோ சாவு வீட்டு வாசலில் நின்றும் விற்றுவிட்டு, அழுதுவிட்டும் வருவார்.

சைப்பிரஸ் யோசனை மன்னாரில் நடந்த ஒரு கைத்தொழில் கண்காட்சியில் பிறந்தது. எங்கள் மேசைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், கற்றாழைச் சவர்க்காரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, தான் அண்மையில் சைப்பிரஸ் போனதாகவும், அங்கே கழுதைப் பாலில் செய்த சவர்க்காரத்தை நகைக்கடைச் சாமான் மாதிரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பதாகவும் சொன்னார். அவர் போனதும் ராத்தா என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். மண்டபத்து வாசலில் ஒரு கழுதை நின்றது.

அந்தக் கிழமையே கறந்து பார்த்தோம். பட்டறைக்கு வரும் தாய்க் கழுதைக்கு ராத்தா வாழைப்பழத் தோல் நீட்ட, நான் தகரப் பேணியோடு பின்னால் குந்தினேன். கழுதை உதைக்கவில்லை. அப்படி உதைத்திருந்தாலாவது மரியாதை. அது மெதுவாக நடந்து போனது. நான் குந்தியபடியே தவளை மாதிரித் தொடர்ந்தேன். வீதி வரைக்கும் போனபோது பேணியில் இரண்டு கரண்டி அளவு பால் இருந்தது, அதிலும் மண். அந்த நேரம் பார்த்து வலை ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரம் ஒன்று வந்தது. மேலே இருந்தவர்கள் என்னைத் தெரிந்தவர்கள். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஊரில் யாருமே அதைப் பற்றிக் கேட்காமல் விடவில்லை.

அப்படித்தான் முறையாகப் படிப்பது என்று முடிவெடுத்தோம். ராத்தாவின் மகள் இணையத்தில் தேடி, சைப்பிரஸில் கழுதைப் பண்ணை நடத்தும் ஓர் அம்மாவுக்கு எழுதினாள். அவர் "வாங்கோ, மாசி மாதத்தில் எனக்கு வேலை குறைவு" என்ற பொருளில் ஒரு வரியில் பதில் போட்டார். சிறுதொழில் செய்யும் பெண்களுக்கான திட்டம் ஒன்று பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்றது. விசாவுக்காகக் கொழும்புக்கு அலைந்த கதையைச் சொன்னால் அதுவே தனிப் புத்தகம், விடுங்கள்.

புறப்படுவதற்கு முன் ராத்தா ஒரு காரியம் செய்தார். தங்கள் மௌலவியிடம் கழுதைப் பாலைப் பற்றிக் கேட்டார். குடிப்பதற்கில்லை, பூசுவதற்கு. மௌலவி, "கிதாபைப் பாத்துத்தான் சொல்லவேணும், தங்கச்சி. அவசரப்பட்டுச் சொல்ல ஏலாது" என்றாராம். நாங்கள் பதிலுக்குக் காத்திராமல் விமானம் ஏறினோம்.

இரண்டு பேருக்கும் முதல் விமானப் பயணம். ராத்தா ஜன்னலோரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார். வாங்கிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினார். நான் நடுவில் இருந்து செபமாலை உருட்டினேன். என் மறுபக்கத்தில் இருந்த இளைஞன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தன் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். விமானம் மேலே போய் நேரானதும் ராத்தா ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏறீட்டமா?"

"ஓம், ராத்தா. கீழ பாருங்கோ."

"பாக்கமாட்டன். சாப்பாடு எப்ப தருவினம்?"

வளைகுடா நாட்டு விமானம் என்பதால் எல்லாம் ஹலால் என்று பணிப்பெண் சொன்னதும் அவருடைய பயம் பாதி போய்விட்டது. தன்னுடைய பாண் துண்டையும் தின்று, என்னுடையதையும் தின்றார். வழியில் வேறு விமானத்துக்கு மாறி, மறுநாள் லார்ணகா என்ற கடலோர நகரத்தை நெருங்கும்போது, இந்த முறை அவரே ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"புள்ள! இஞ்ச வா. திரும்ப மன்னாருக்கே கொண்டுவந்திட்டாங்கள்!"

எட்டிப் பார்த்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஆழமில்லாத உப்பேரி ஒன்று வெளிறிக் கிடந்தது. நீரின் மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள். எங்கள் வங்காலைப் பக்கம் அந்த மாதங்களில் வந்து நிற்பவை போலவே, கூட்டமாக நின்றன.

குடிவரவு மேசையில் இருந்தவர் இளைஞர், சவரம் செய்யாத முகம். வந்த நோக்கம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வசனத்தை மறந்துவிட்டு, "பிஸ்னஸ்" என்றேன். என்ன பிஸ்னஸ் என்றார். "டொங்கி" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ராத்தா எனக்கு உதவி செய்வதாக நினைத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் காது போல நிமிர்த்திக் காட்டினார். பின்னால் நின்ற வரிசை எட்டிப் பார்த்தது.

நான் கைத்தொலைபேசியை எடுத்து, எங்கள் ஊர் வீதியில் பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்கும் கழுதைக் கூட்டத்தின் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவர் முத்திரையைக் குத்திக்கொண்டே, தன் மாமனாருடைய தோட்டத்திலும் இப்படித்தான் வந்து எல்லாவற்றையும் தின்கின்றன என்றார். அவர் முகத்தில் இருந்தது சொந்தக்காரனைப் பார்த்த சந்தோசம்.

பண்ணைக்கார அம்மா வெளியே காத்துநின்றார். அறுபது வயது இருக்கும். பெரிய உடம்பு, ஆண்களின் சப்பாத்து, கழுத்தில் கட்டிய மப்ளர். அவருடைய ஆங்கிலமும் எங்களுடையதைப் போலவே ஓட்டை என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். அவரும் நாங்களும் சொற்களைத் தேடித் தேடிப் பேசியதால் யாருக்கும் வெட்கமில்லை. அவருடைய பழைய பிக்கப்பில் மூன்று பேரும் முன்னால் நெருங்கி இருந்தோம். வாகனங்கள் எங்கள் ஊரைப் போலவே இடப்பக்கம் போயின. பிளக்கும் அதே மூன்று கால் பிளக்தான் என்று அம்மா சொன்னார். ராத்தா கொழும்பில் தேடித் திரிந்து வாங்கிய மாற்றுப் பிளக்கைக் கைப்பையில் இருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்தார்.

வழியில் ஒரு கார் குறுக்கே வெட்டியது. அம்மா ஜன்னலை இறக்கி, "காய்தூரி!" என்று கத்தினார். பிறகு எங்களிடம் திரும்பி, அப்படியென்றால் கழுதை என்று விளக்கினார்.

"எங்கட ஊரிலயும் அதேதான்" என்று ராத்தா தமிழிலேயே சொன்னார். அம்மாவுக்கு விளங்கிவிட்டது. மலையேறும் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

பண்ணை ஒரு சரிவில் இருந்தது, சுற்றிலும் ஒலிவ் மரங்கள். காற்று எலும்பு வரைக்கும் போனது. நான் என் கணவரின் ஜக்கெற்றைப் போட்டிருந்தேன். ராத்தா அபாயாவுக்குள் எத்தனை சுவெற்றர் போட்டிருந்தார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். அம்மா முதலில் சிறு கோப்பைகளில் கோப்பி தந்தார். அடியில் மண்டி இருக்கும், அதைக் குடிக்கக்கூடாது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ராத்தா குடித்துவிட்டார்.

பிறகு கழுதைகளைக் காட்டினார். கருங்கபில நிறம், பளபளவென்ற உடம்பு, என் தோளுக்கு மேல் உயரம். ஒவ்வொன்றின் கழுத்திலும் வார், தனித்தனித் தொட்டி, வைக்கோல் மெத்தை.

"இது கழுதையில்ல, புள்ள. குதிரைக்குத் தம்பி" என்றார் ராத்தா.

"எங்கட ஆக்கள் இதைக் கண்டா வெக்கப்படுவினம்."

"ஏன் வெக்கப்படவேணும்? அதுகள் காட்போட் திண்டு வளந்ததுகள்."

கறக்கும் முறையை அம்மா பொறுமையாகக் காட்டினார். குட்டியைச் சில மணி நேரம் பக்கத்துக் கொட்டிலில் விட்டு, பிறகு தாயின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். குட்டியைக் கண்டால்தான் தாய் பால் விடும். அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். "சிகா, சிகா" என்று அம்மா என் கையைத் தட்டினார். மெதுவாக, மெதுவாக. நான் தலையைக் கழுதையின் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் கறந்தேன். வாளியில் "சர்" என்று விழுந்தது. அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியாது. ராத்தா வாளியைப் பிடித்துக்கொண்டு, "வருது, வருது, விடாத!" என்று கத்தினார். அம்மா கைதட்டினார். கழுதை திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் வைக்கோலைத் தின்றது. நான் பிள்ளை பெற்றபோதுகூட இவ்வளவு பாராட்டு வாங்கவில்லை.

ருசி பார்க்கச் சொல்லி ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை தந்தார். தண்ணீர் மாதிரி லேசாக, இனிப்பாக இருந்தது. ராத்தா தன் கோப்பையை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"மௌலவி இன்னும் சொல்லேல்ல" என்றார்.

பின்னேரம் முழுக்கச் சவர்க்கார அறையில் கழிந்தது. அங்கேதான் எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அவருக்கு முதலில் பால் கலக்கும்போது சவர்க்காரம் சூடேறிக் கறுத்துப்போகும் தொல்லை இருந்ததாம். பாலை ஐஸ்கட்டியாக்கிக் கலந்து சமாளித்தாராம். எங்கள் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தைக் கொடுத்தேன். அவர் கையைக் கழுவி, நுரையைப் பார்த்து, இன்னொரு தரமும் கழுவினார். ஒலிவ் எண்ணெயில் இந்த நுரை வராது என்று பெருமூச்சு விட்டார். காயவைத்த கழுதைப் பால்மா தன்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் உங்களுக்கு அனுப்புகிறேன் என்றும் சொன்னார். அன்று இரவு நான் படுக்கையில் கிடந்து பெட்டிக்கு என்ன நிறம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விமானத்தில் இருந்து பார்த்த உப்பேரியின் கரையில் ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. நபியவர்களின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாராம். ராத்தா ஊரில் புறப்படும்போதே அங்கே போகவேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மா எங்களை அங்கே இறக்கிவிட்டு, சந்தைக்குப் போய்வருவதாகச் சொன்னார். ராத்தா உள்ளே போக, நான் ஈச்சமரத்தடியில் இருந்து பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் கழித்து அவர் வெளியே வந்தார். இரண்டு கைகளிலும் அபாயா முழங்கை வரை நனைந்து தண்ணீர் சொட்டியது. அந்தக் குளிரில் உதடு நடுங்கியது. வழுக்கி விழுந்துவிட்டாரோ என்று பயந்து எழுந்தேன்.

"என்ன, ராத்தா? எங்க விழுந்தனீங்கள்?"

"விழேல்ல. கழுவினனான்." என் பக்கத்தில் அமர்ந்து, தொலைபேசியை நீட்டினார். "மௌலவி அனுப்பியிருக்கார். கேள்."

குரல் பதிவு. மௌலவியின் குரல் மென்மையாக இருந்தது. "தங்கச்சி, நல்லாப் பாத்துத்தான் சொல்றன். மார்க்கம் படிச்ச வேற ஆலிம்கள் வேற மாதிரியும் சொல்லியிருக்கினம். ஆனா நம்மட மத்ஹபுச் சட்டப்படி, சாப்பிடக்கூடாத மிருகத்தின்ர பாலும் நஜீஸ்தான், அசுத்தம்தான். உடம்பில, உடுப்பில பட்டாக் கழுவிப்போட்டுத்தான் தொழவேணும். நீங்க கேட்டபடியாச் சொல்றன். மனசைக் குழப்பவேணாம்."

நேற்று வாளியைப் பிடித்தபோது ராத்தாவின் கையில் தெறித்திருந்தது. அதைத்தான் கழுவியிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். மௌலவி மேலா, ராத்தா மேலா, கழுதை மேலா என்று தெரியாத கோபம். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கறக்கவும் படித்தாயிற்று, பால்மாவும் வரப்போகிறது.

"கொஞ்சம் முந்தியே சொல்லியிருக்கக்கூடாதோ அவர்?" என்றேன்.

"அவர் படிச்சுப் பாத்துத்தான் சொல்லுவார். நாங்கதான் பறந்து வந்திட்டம்." ராத்தா கைகளைப் பிழிந்தார். "நீ செய், புள்ள. நான் குறுக்க நிக்கமாட்டன். உங்கட ஆக்களுக்கு இதில ஒண்டுமில்ல. நான் மற்றச் சவுக்காரத்தை மட்டும் விக்கிறன்."

நான் தனியாகச் செய்யலாம்தான். கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்பலாம். யார் போய்ப் பேசுவது என்று யோசித்தபோது, எனக்கு வேறு யாருடைய முகமும் வரவில்லை.

அவரே மீண்டும் பேசினார். "எனக்கு விளங்காதது இதுதான். பூசினாக் கழுவவேணும் எண்டுற சாமானை, சவுக்காரம் எண்டு எப்பிடி விக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். என் கணவரின் ஜக்கெற்றைக் கழற்றி அவருடைய நனைந்த கைகளைச் சுற்றிக் கட்டினேன். அம்மா திரும்பி வந்தபோது, கைகள் கட்டப்பட்ட கைதியைப் போல ராத்தாவை நடத்திக்கொண்டு பிக்கப்புக்குப் போனேன்.

பகல் சாப்பாட்டில் அம்மாவிடம் விசயத்தைச் சொன்னோம். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் பொரித்த ஹலூமிப் பாற்கட்டியை ராத்தாவின் தட்டில் வைத்துக்கொண்டே, "நாங்கள் ஈஸ்டருக்கு முன்னால் வரும் நோன்புக் காலத்தில் பால், முட்டை தொடமாட்டோம். அதில் என்ன?" என்றார். அவ்வளவுதான்.

கடைசி நாள் அவருடைய கடையில் நின்றோம். சுற்றுலா பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கியது. எங்களுக்கு வேலை இல்லாததால் ஓரமாகக் கதிரை போட்டு வேடிக்கை பார்த்தோம். ஒரு பெண் கழுதைப் பால் சவர்க்காரத்தைக் கையில் எடுத்தாள், முகர்ந்தாள், விலையைப் பார்த்து வைத்துவிட்டாள். பிறகு பக்கத்தில் இருந்த களிமண் கழுதைகளில் ஒன்றை எடுத்து, அதன் மூக்கைத் தடவிச் சிரித்து, வாங்கிக்கொண்டு போனாள். அடுத்தவளும் அப்படியே. அவளுக்குப் பின்னால் வந்த கிழவர் இரண்டு வாங்கினார்.

ராத்தா என் முழங்கையைப் பிடித்தார். வியாபாரம் மணக்கும்போது அவர் பிடிக்கும் பிடி அது.

"பாத்தியா? பாலை ஒருத்தரும் வாங்கேல்ல. கழுதையைத்தான் வாங்கிக்கொண்டு போகினம்."

"அதுக்கென்ன?"

"எங்கட சவுக்காரத்தைக் கழுதை மாதிரிச் செய்யேலாதா?"

நான் அவரைப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய், கொஞ்சம் வெட்டிவேர், ஓர் அச்சு. பாலே வேண்டாம். அம்மாவிடம் சொன்னபோது அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார், இத்தனை வருடமாகத் தனக்கு அது தோன்றவில்லையாம்.

ஊருக்கு வந்து கொழும்பில் அச்சுச் செய்பவர் ஒருவரைப் பிடித்தோம். சைப்பிரஸ் கழுதை வேண்டாம், எங்களுடையதுதான் வேண்டும் என்று ராத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குட்டையான உடம்பு, பெரிய தலை, வீதியில் நின்று தூங்கும் முகம். நான் படங்களை அனுப்பினேன். அச்சு வந்தது. முதல் தொகுதியை ஊற்றி, இறுகியதும் ஆசையாகக் கழற்றினேன். காதுகள் எல்லாம் அச்சுக்குள்ளேயே நின்றுவிட்டன. காதில்லாமல், கொழுகொழுவென்று, குட்டைக் காலோடு மேசை முழுக்க வரிசையாக நின்றன. ராத்தா கதவைத் திறந்து உள்ளே வந்தார். பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார்.

"அஸ்தக்ஃபிருல்லாஹ். என்ன புள்ள, பண்டி செய்து வச்சிருக்கிறாய்?"

"பன்றியில்ல, கழுதை, ராத்தா! காது உடைஞ்சு போச்சு!"

"கழுதைப் பாலே பரவாயில்லப் போல கிடக்கு. உருக்கு எல்லாத்தையும். இப்பவே உருக்கு. ஆரும் வரமுந்தி உருக்கு!"

உருக்கினோம். அடுத்த அச்சில் காதுகளைப் பின்னால் மடித்துக் கழுத்தோடு ஒட்டவைத்தோம். கழுதை கோபமாக இருப்பது போலத் தெரிந்தது, ஆனால் உடையவில்லை. தலைமன்னாரில் கடலுக்குள் நீளும் மணல்திட்டுப் பாலத்தைப் பார்க்க வரும் ஆட்கள் முதலில் வாங்கினார்கள். பிறகு கொழும்புக் கடையொன்று கேட்டது. பண்ணைக்கார அம்மாவுக்கு ஒரு பெட்டி அனுப்பினோம். அவர் தன் கடையில் களிமண் கழுதைகளுக்கு நடுவே அவற்றை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பினார். பெரிய மாமன்மாருக்கு நடுவில் நிற்கும் முறைத்த மருமகன்கள் மாதிரி இருந்தன.

போன மாதம் எங்கள் பங்குத்தந்தை பட்டறைக்கு வந்தார். குருத்து ஞாயிறுக்கு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கழுதை கொடுக்கலாம் என்று அவருக்கு ஓர் எண்ணம். இயேசு எருசலேமுக்குள் கழுதையில் ஏறித்தானே போனார் என்றார். அவர் போன பிறகு ராத்தா பொதிசெய்துகொண்டே கேட்டார்.

"ஏன் குதிரையில போகேல்ல?"

"தாழ்மை எண்டு சொல்லுவினம்."

அவர் ஒரு சவர்க்காரத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, பிள்ளையளுக்கு எண்டபடியா மஞ்சள் கடுதாசியில சுத்துவம்" என்றார். "மேல ஒரு துண்டு குருத்தோலையும் கட்டிவிட்டா வடிவா இருக்கும். ஓலைக்கு நான் ஆள் பாக்கிறன். உங்கட பங்குச் சாமியிட்ட விலையை மட்டும் நீ பேசாத, நான் பேசுறன்."